பூமிக்குள் ஒருமுறை வெந்த கல்: தாழையூத்துப் பக்கத்துக் காளவாய் ஒன்றில் சுண்ணாம்பு நீறாமல் போன நிகழ்வு

பின்னணி

தாமிரபரணிக்கு வடக்கே, தாழையூத்தைச் சுற்றிய நிலப்பரப்பில் சுண்ணாம்புக்கல் புதிதல்ல. 1949இல் அங்கே சிமென்ட் ஆலை ஓடத் தொடங்கியதே இந்தக் கல்லை நம்பித்தான். ஆனால் இங்கே பேசப்படும் சிறிய காளவாய் (சுண்ணாம்புச் சூளை) நெடுங்காலம் எரித்தது வேறு பொருள்: கரிசல் காட்டில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் சுக்கான்கல், தூத்துக்குடிக் கரையிலிருந்து வரும் சிப்பி. இரண்டும் எளிதில் வேகும். சுக்கான்கல் மண்ணுக்குள்ளேயே மழைநீர் கொண்டுவந்த சுண்ணாம்பு உறைந்து உண்டானது. நுண்துளைகள் நிறைந்தது, சூடு உள்ளே இறங்கத் தடை இல்லை.

காளவாயின் அமைப்பு பழையதுதான். உட்புறம் வட்டமான செங்கல் சுவர், அடியில் காற்றுவாய், ஒரு அடுக்கு உடைமரக் கரி, ஒரு அடுக்கு கல் என மாறி மாறிப் போட வேண்டும். முன்பு துருத்தி இருந்த இடத்தில் இப்போது மின்சார ஊதுகாற்றுப் பெட்டி. ஒரு வேக்காட்டுக்கு 800 கிலோ கல்லும் 200 கிலோ கரியும் கணக்கு.

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பழைய வீட்டைச் சுண்ணாம்புப் பூச்சிலேயே புதுப்பிக்கும் வேலை வந்தது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துச் சாந்து அரைக்கத் தெரிந்த மூத்த கொத்தனார் ஒருவர் பொறுப்பில் இருந்தார். தேவைப்பட்ட அளவுக்குச் சுக்கான்கல் கிடைக்கவில்லை. எனவே காளவாய்க்காரர், அனுமதி பெற்று நடந்துவந்த ஒரு சிறு சுண்ணாம்புக்கல் குவாரியிலிருந்து கல் எடுத்தார். அங்கே இரண்டு குவியல்கள் இருந்தன. ஒன்று சுண்ணாம்புக்கல் பட்டையின் நடுவில், அதாவது நடுப்பட்டையில் வெட்டியது, சற்றுச் சாம்பல் படிந்த வெள்ளை. மற்றது பட்டையின் ஓரத்தில் வெட்டியது. அது பளிச்சென்ற வெள்ளை, இடையிடையே வெளிர்பச்சைப் புள்ளிகள், விலையும் குறைவு. கழிவறை கழுவும் ஆசிடை இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தார். நுரைத்தது. ஓரக்கல்லையே வாங்கினார்.

வாங்கியவரைக் குறை சொல்ல முடியாது. வெண்மை, நுரை, விலை என்று மூன்று அடையாளமும் ஒரே பக்கம் கைகாட்டின. அந்த மூன்றில் எதுவும் கல்லின் உள்ளே இருந்ததைச் சொல்லவில்லை என்பதுதான் இந்த நிகழ்வைப் பதிவு செய்யக் காரணம்.

முதல் வேக்காடு

800 கிலோ கல் இறங்கியது. ஒரு பகலும் ஓர் இரவும் எரிந்து ஆறிய பிறகு வெளியே எடுத்து நிறுத்தபோது 640 கிலோ இருந்தது. சுக்கான்கல் வெந்தால் எடை பாதிக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். இது ஐந்தில் நான்கு பங்கு நின்றது. கல் நல்ல கனம், சேதாரம் குறைவு, லாபம் என்றே முதலில் கணக்கிடப்பட்டது.

இந்த இடத்தில்தான் முதல் தவறான வாசிப்பு. சுத்தமான சுண்ணாம்புக்கல் 100 கிலோ முழுதாக வெந்தால் 44 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். மிஞ்சுவது 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. இதில் பேரம் கிடையாது. 800 கிலோவில் 352 கிலோ குறைந்திருக்க வேண்டும். குறைந்தது 160 கிலோ. ஒன்று கல் வேகவில்லை, அல்லது அதில் வேகக்கூடிய சரக்கே பாதிக்கும் குறைவு. இந்த இரண்டில் எது என்பதைக் கேட்காமல் அடுத்த முடிவு எடுக்கப்பட்டது.

ஒரு கூடைக் கல்லைத் தொட்டியில் போட்டுத் தாளித்து, அதாவது தண்ணீர் விட்டு நீற வைத்துப் பார்த்தார்கள். நல்ல சுட்ட சுண்ணாம்பு தண்ணீர் பட்ட சில நிமிடங்களில் சீறும், ஆவி கிளம்பும், கட்டி தானாக வெடித்து மாவாகும். இது லேசாக வெதுவெதுத்து அடங்கிவிட்டது.

“அண்ணாச்சி, சூடே ஏறலியே. தண்ணி ஊத்துனா கொதிக்கணும்லா” என்றார் கொத்தனார்.

“வேக்காடு பத்தல போல. இன்னொரு தடவ போட்டுப் பாப்போம்” என்பது காளவாய்க்காரரின் பதில்.

இரண்டாம் வேக்காடும் பூச்சும்

மீதிக் கல் முழுவதும் மறுபடி ஏற்றப்பட்டது. இம்முறை மேலும் 200 கிலோ கரி போட்டு, இரவு முழுக்க ஊதுகாற்றையும் ஓட விட்டார்கள். வெளியே வந்தபோது எடை இன்னும் சில கிலோதான் குறைந்திருந்தது. கட்டிகளின் மேற்புறம் சில இடங்களில் கண்ணாடி போல மினுங்கியது. வேலை காத்திருந்ததால், மூன்று நாள் தொட்டியில் ஊற வைத்து, 3 மில்லிமீட்டர் சல்லடையில் அரித்து, கிடைத்த சுண்ணாம்புக் கூழ் வேலையிடத்துக்குப் போயிற்று. சல்லடையில் தங்கிய கசடைக் காயவைத்து நிறுத்தபோது 430 கிலோவை நெருங்கியது. அந்த எண் ஒரு துண்டுத் தாளில் எழுதி வைக்கப்பட்டது. பின்னால் நடந்ததைப் புரிந்துகொள்ள மிகவும் உதவியது அந்தத் தாள்தான்.

ஏறத்தாழ 350 சதுர அடிச் சுவர் பூசப்பட்டது. மூன்றாவது வாரம் இரண்டு குறைகள் தெரிந்தன. பூச்சில் மிளகளவு முதல் கோலிக்குண்டு அளவு வரை கூம்பு வடிவக் குழிகள் பொரிந்து விழுந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் பருக்கை இருந்தது. இன்னொன்று, கையால் தேய்த்தால் மேற்பரப்பு மாவாக உதிர்ந்தது.

கொத்தனார் அன்றே வேலையை நிறுத்தினார். குழிகளை மட்டும் அடைத்துவிட்டுத் தொடரலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை. ஒரு பருக்கை வெடித்த சுவரில் அடுத்தது எப்போது வெடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். முழு நிகழ்விலும் சரியாக எடுக்கப்பட்ட முதல் முடிவு இது.

குவாரி முகத்தில் கண்டவை

வீட்டுக்காரரின் உறவினர் வழியாக, நிலவியல் பயின்ற ஒருவர் குவாரிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவர் குவியலைப் பார்க்கவில்லை. நேரே வெட்டுமுகத்துக்குப் போய், பட்டைக்குக் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நடந்தார்.

முதலில் வந்தது சுற்றுப்புறப் பாறை: கறுப்பும் வெளுப்புமாக வரிகள் ஓடும் நைஸ் பாறை. கறுப்பு வரிகளில் காக்காப்பொன், வெளுப்பு வரிகளில் வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) ஃபெல்ட்ஸ்பாரும், அங்கங்கே கடலைப் பருப்பளவு சிவப்புக் கார்னெட். அதன் பிறகு இரண்டு மூன்று மீட்டர் அகலத்துக்கு, காளவாய்க்குப் போன அதே வெள்ளை-பச்சைக் கல். அதைத் தாண்டினால் பட்டையின் நடுப்பகுதி. கற்கண்டை நெருக்கி அடுக்கியதுபோல் 5 மில்லிமீட்டர் வரை பருத்த படிகங்கள், உடைத்த இடத்தில் தட்டையான பளபளப்பு, இடையில் கிராஃபைட் செதில்கள், தேன்நிறக் காக்காப்பொன். மறு ஓரத்தில் மீண்டும் வெள்ளை-பச்சைக் கல், அதற்கப்பால் மீண்டும் நைஸ்.

மழையில் பல காலம் நனைந்த பழைய முகம் இன்னும் தெளிவாகப் பேசியது. சுண்ணாம்புப் பகுதி கரைந்து உள்வாங்கியிருந்தது. அதனூடே விரல் தடிமனான பச்சை விளிம்புகள் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நின்றன. துருத்தி நின்றதைச் சட்டைப்பைக் கத்தியால் கீறினால் கத்திதான் தேய்ந்தது. உள்வாங்கியதைக் கீறினால் வெள்ளைக் கோடு விழுந்தது. சுண்ணாம்புக்கல்லின் கனிமமான கால்சைட்டின் கடினம், கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் 3. கத்தி எஃகு ஏறத்தாழ 5.5. பச்சைக் கனிமம் டையாப்சைடு, 5.5 முதல் 6.5 வரை. ஓரக்கல்லில் நார்நாராகப் பளிச்சிட்ட வெள்ளைக் கனிமம் வோலாஸ்டனைட், 4.5 முதல் 5. கத்தி அதைக் கீறும், ஆனால் கால்சைட்டைக் கீறும் இலகு கிடைக்காது. காளவாய்க்காரரை ஏமாற்றிய வெண்மை இந்த வோலாஸ்டனைட்டின் வெண்மைதான்.

இந்தக் கல் எப்படி உண்டாயிற்று

ஓரக்கல் ஏன் வேகவில்லை என்பதற்கு விடை காளவாயில் இல்லை. பாறை உருமாறிய காலத்தில் இருக்கிறது. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பாறைகளில் பல, தொடக்கத்தில் நீருக்கடியில் படிந்த படிவுகள். ஓரிடத்தில் களிமண், அதன்மேல் மணல், அதன்மேல் சுண்ணாம்புச் சேறு. சுண்ணாம்புச் சேற்றுக்கு இடையிலும் மெல்லிய மணல் அடுக்குகள் உண்டு. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானா என்ற பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த காலத்தில், இவை நிலத்தின் மேலோட்டுக்குள் ஆழமாக அமிழ்ந்தன. 20 முதல் 25 கிலோமீட்டர் ஆழம் என்று கொண்டால், மேலே இருக்கும் பாறையின் கனம் மட்டுமே வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஆறாயிரம் மடங்கு. வெப்பம் 700 பாகை செல்சியசைத் தாண்டி, தென்தமிழகத்தின் சில பகுதிகளில் 900ஐயும் தாண்டியது.

இத்தனைக்கும் இந்தச் சுண்ணாம்புக்கல் உருகவில்லை. உருமாற்றத்தைப் பற்றி மாணவர்களுக்கு அதிகம் தடுமாற்றம் தரும் இடம் இது. உருகி உறைந்தால் அது எரிமலைக் குழம்பு வழியில் வந்த பாறை. இங்கே பாறை திண்மமாகவே இருந்தபடி அணுக்கள் இடம் மாறின. பொடிப்பொடியான துகள்களுக்கு மேற்பரப்பு அதிகம், நிலைத்தன்மை குறைவு. வெப்பம் ஏறும்போது அணுக்கள் சிறு துகள்களை விட்டுப் பெரியவற்றில் ஒட்டுகின்றன. சிறியது கரைய, பெரியது வளர்கிறது. கண்ணுக்குத் தெரியாத சேற்றுத் துகள்கள் 5 மில்லிமீட்டர் படிகங்களானது இப்படித்தான். அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒன்றாக இல்லாதபோது, காக்காப்பொன், கிராஃபைட் போன்ற தட்டையான கனிமங்கள் நெருக்கும் திசைக்குக் குறுக்காகப் படுத்துக்கொள்கின்றன. நைஸ் பாறையின் வரிகளிலும், சுண்ணாம்புப் பட்டையில் கிராஃபைட் செதில்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருப்பதிலும் தெரிவது அந்த நெருக்கடிதான். கிராஃபைட்டே கூட, சேற்றில் புதைந்த உயிர்ப்பொருளின் கரியிலிருந்து வந்திருக்கலாம்.

களிமண் படிவுக்கு வேறு கதி. அதன் அலுமினியமும் இரும்பும், மணலிலும் குவார்ட்சிலும் உள்ள பொருளான சிலிக்காவும் கூடிக் கார்னெட்டும் சில்லிமனைட்டும் ஆயின. அந்தப் பாறைக்குக் கொண்டலைட் என்று பெயர். சிவப்புக் கார்னெட் மணல் நெல்லைச் சீமையின் கடற்கரைகளில் ஒதுங்குவதற்குக் காரணம், இப்படிப்பட்ட பாறைகள் சிதைந்து ஆறுகளில் அடித்து வரப்படுவதே. பக்கத்திலேயே இருக்கும் சார்னோக்கைட், ஊரில் பொதுவாகக் கருங்கல் என்றே சொல்லப்படும் எண்ணெய்ப் பசைப் பளபளப்புள்ள கல், இன்னொரு அடையாளம். காக்காப்பொன்னுக்குள் நீர் கட்டுண்டு கிடக்கும். வெப்பம் மிகும்போது அது பிரிந்து, ஹைப்பர்ஸ்தீன் என்ற நீரில்லாத கனிமம் உண்டாகிறது. சார்னோக்கைட்டை அடையாளம் காட்டுவது இந்த ஹைப்பர்ஸ்தீன். ஆகவே சார்னோக்கைட் நிற்கும் இடத்தில் பாறை எவ்வளவு சூடு கண்டது என்பதை ஊகிக்கலாம். அந்தச் சூட்டில் சுண்ணாம்பும் மணலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் சும்மா இருக்காது.

இப்போது மையக் கேள்வி. காளவாயில் 900 பாகையில் சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. பூமிக்கடியில் அதே சூட்டில் பட்டையின் நடுப்பகுதி எப்படிச் சுண்ணாம்புக்கல்லாகவே தப்பியது? காரணம் அழுத்தம். வாயு வெளியேற வழியில்லை, எனவே பிரிவினையே நடக்காது. ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹால் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் காட்டினார். சீமைச் சுண்ணாம்புத் தூளைத் துப்பாக்கிக் குழலில் அடைத்து, வாயை இறுக மூடி, உலையில் வைத்தார். திறந்த உலையில் சுட்ட சுண்ணாம்பாகியிருக்க வேண்டியது, குழலுக்குள் சலவைக்கல்லைப்போல் படிகமாயிருந்தது. வெப்பம் மட்டும் வேலை செய்தால் காளவாய். வெப்பமும் அழுத்தமும் சேர்ந்து வேலை செய்தால் சலவைக்கல்.

ஓரத்தில் நிலைமை வேறு. அங்கே சுண்ணாம்புக்குப் பக்கத்தில் சிலிக்கா இருந்தது. கால்சைட்டும் குவார்ட்சும் சேர்ந்தால் வோலாஸ்டனைட்டும் கரியமில வாயுவும் வரும். நார்வேயில் நிலவேதியியலாளர் வி. எம். கோல்ட்ஷ்மிட் 1912இல் கணக்கிட்டுக் காட்டிய புகழ்பெற்ற வினை இது. அழுத்தம் ஏற ஏற இதற்கு வேண்டிய வெப்பமும் ஏறும். ஆனால் வாயு கசிய வழியோ, அதை நீர்க்கச் செய்யும் நீராவியோ இருந்தால் குறைந்த சூட்டிலேயே நடக்கும். பாறைகள் ஒன்றையொன்று தொடும் ஓரங்களில் திரவங்கள் ஊடுருவ வழி அதிகம். வோலாஸ்டனைட் பட்டையின் விளிம்பில் குவிந்து, நடுவில் இல்லாமல் போனதற்கு இதுவே பொருத்தமான விளக்கம். சுண்ணாம்பில் மக்னீசியம் கலந்திருந்த இடங்களில் அதே சிலிக்கா டையாப்சைடை உண்டாக்கியது. பச்சை விளிம்புகள் எல்லாம் ஒருகாலத்து மணல் அடுக்குகள்.

சுருக்கமாக, ஓரக்கல் ஏற்கெனவே பூமிக்குள் ஒருமுறை வெந்துவிட்ட கல். அதிலிருந்து போக வேண்டிய வாயுவில் பெரும்பகுதி அப்போதே போயிற்று. அந்த வாயுவை இழந்த சுண்ணாம்பு சிலிக்காவோடு பூட்டிக்கொண்டது. அந்தப் பூட்டைக் கரி அடுப்பும் திறக்காது, தண்ணீரும் திறக்காது. இரண்டாம் வேக்காடு அதனிடம் கேட்டது, அதனிடம் இல்லாத ஒன்றை.

சோதனைகள்

ஊகத்தோடு நிற்காமல் ஆறு மாதிரிகள் எடுக்கப்பட்டன. நடுப்பட்டையில் இரண்டு, தேன்நிறக் காக்காப்பொன் மிகுந்த இடத்தில் ஒன்று, ஓரத்தில் இரண்டு, நடுவிலேயே சாம்பல் நிறமாய் ஒதுங்கியிருந்த ஒன்று.

முதல் சோதனை ஆசிடில், ஆனால் சொட்டு விட்டுப் பார்ப்பதாக அல்ல. சொட்டுச் சோதனையின் குறை இங்கே அப்பட்டமாகத் தெரிந்தது. ஓரக்கல்லில் வோலாஸ்டனைட் நார்களுக்கு நடுவே மிஞ்சிய கால்சைட் துகள்கள் நுரைக்கின்றன. கண் நுரையைப் பார்க்கிறது, நுரைக்காத பாதியைப் பார்ப்பதில்லை. எனவே கல்லை மாவாக இடித்து 10 கிராம் நிறுத்து, நுரை அடங்கும்வரை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, வடிகட்டி, கழுவிக் காயவைத்து மிச்சத்தை நிறுத்தார்கள். அடர் அமிலம் ஒரு பங்குக்குத் தண்ணீர் மூன்று பங்கு. தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். நடுப்பட்டைக் கல்லில் மிஞ்சியது 0.4 கிராம். ஓரக்கல்லில் 5.6 கிராம். வோலாஸ்டனைட்டை அமிலம் ஓரளவு தாக்கிக் கூழ்போன்ற சிலிக்காவை விட்டுச் செல்லும். ஆகவே இந்த எண் துல்லியமானதல்ல, ஆனால் கல்லைத் தரம் பிரிக்கப் போதும்.

இரண்டாவது சோதனை எடை. கல்லைக் கயிற்றில் கட்டித் தராசில் தொங்கவிட்டு ஒருமுறையும், தண்ணீருக்குள் அமிழ்த்தி ஒருமுறையும் நிறுத்து அடர்த்தி கண்டார்கள். நடுக்கல் 2.7, ஓரக்கல் 2.9 முதல் 3.0. குவாரியிலேயே பத்து நிமிடத்தில் முடியும் வேலை.

மூன்றாவதும் முடிவானதும், சோதனைச் சூளையில் 950 பாகையில், எடை மேலும் குறையாத நிலை வரும் வரை சுட்டுப் பார்த்தது. 100 கிராமுக்கு நடுக்கற்கள் 42.6, 43.1 கிராம் இழந்தன. காக்காப்பொன் கல் 39.8. ஓரக்கற்கள் 18.2, 23.5. முதல் வேக்காட்டில் 800 கிலோவுக்கு 160 கிலோ இழப்பு, அதாவது நூற்றுக்கு 20, இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக உட்கார்ந்தது. கல்லில் வேகக்கூடியது அன்றே முழுதும் வெந்துவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. வேகாத சரக்கு 440 கிலோ இருந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. துண்டுத் தாளில் இருந்த கசடு 430.

ஆறாவது மாதிரி எதிர்பாராதது. அது 45.6 கிராம் இழந்தது. சுத்தமான கால்சைட் 44க்கு மேல் இழக்க வழியில்லை. எனவே அதில் டாலமைட், அதாவது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல், இருக்கிறது. முழு டாலமைட் என்றால் 47.7 வரை போகும். கட்டியாக இருக்கும்போது குளிர்ந்த ஆசிடில் இந்தக் கல் நுரைக்கவே தயங்கியது. தூளாக்கிய பிறகுதான் நுரைத்தது. சொட்டுச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால், ஓரக்கல்லை எடுத்துக்கொண்டு இந்த நல்ல கல்லை ஒதுக்கியிருப்பார்கள்.

சுவர் ஏன் பொரிந்தது என்பதும் இப்போது விளங்கியது. முதல் வேக்காட்டிலேயே சரியாக வெந்திருந்த சுண்ணாம்பை இரண்டாம் வேக்காடு தீய்த்துவிட்டது. தீய்ந்த சுண்ணாம்பு இறுகிச் சுருங்கும், தண்ணீர் உள்ளே நுழைய வாரக்கணக்கில் ஆகும். சிலிக்கா கலந்த கட்டிகளில் மேற்புறம் கண்ணாடிபோல் மினுங்கியது இன்னொரு தடை. மூன்று நாள் ஊறலில் நீறாத பருக்கைகள் 3 மில்லிமீட்டர் சல்லடையில் தப்பிச் சுவருக்குப் போயின. அங்கே மெல்ல நீறி, பருத்து, பூச்சைத் தள்ளின. மாவாக உதிர்ந்ததற்குக் காரணம் வேறு. கூழில் கலந்திருந்த வோலாஸ்டனைட், டையாப்சைடு பொடி வெறும் மணலுக்குச் சமம். கொத்தனார் ஒன்றுக்கு இரண்டு என்று மணல் சேர்த்தபோது, உண்மையில் சுண்ணாம்பு அந்த அளவு இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பூசிய 350 சதுர அடியும் கொத்தி எடுக்கப்பட்டது. செலவைக் காளவாய்க்காரரும் வீட்டுக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். கல் வாங்கும்போது இருவருமே சோதனை கேட்கவில்லை என்பதை இருவரும் ஒப்புக்கொண்டதால் தகராறு வரவில்லை.

குவாரியில் வெட்டுமுகத்தின் மேலேயே சுண்ணாம்பு, ஓரம் என்று எல்லைக்கோடு வர்ணத்தால் போடப்பட்டது. குவிந்த பிறகு பிரிப்பதைவிட வெட்டும்போதே பிரிப்பது எளிது, பச்சை விளிம்பு முகத்தில் நீளமாகத் தெரியும், உடைந்த கட்டியில் தெரியாது. ஓரக்கல்லைக் கழிவென்று ஒதுக்கவும் இல்லை. தேயாத, கரையாத கல் என்பதால் அடித்தளச் சல்லிக்கு உதவும். வோலாஸ்டனைட் பீங்கானுக்கும் பெயின்டுக்கும் வேண்டிய பொருள், ராஜஸ்தானில் அதற்கென்றே வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் இங்கே இருந்த கலவைக் கல்லைப் பிரித்து விற்பது கட்டுப்படியாகாது என்றே முடிவாயிற்று.

தாளித்த கூழ் குறைந்தது 21 நாள் தொட்டியில் தண்ணீருக்கடியில் கிடக்க வேண்டும், சல்லடைக் கண் 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று கொத்தனார் நிபந்தனை வைத்தார். டாலமைட் கலந்த கல்லைத் தனியாகச் சுட்டு, அதன் கூழை இன்னும் நீண்ட நாள் ஊற வைப்பதென்றும் தீர்மானித்தார்கள். மக்னீசியம் பகுதி குறைந்த சூட்டிலேயே வெந்துவிடும், கால்சியம் பகுதி வேகும்வரை அது தீய்ந்துகொண்டிருக்கும், அதனால் தாமதமாகவே நீறும்.

மூன்றாம், நான்காம் வேக்காடுகள்

பிரித்த நடுக்கல் 800 கிலோ ஏற்றியபோது யாரும் எதிர்பாராத தொல்லை. மூன்று மணி நேரத்தில் காற்று ஓட்டம் நின்றுபோயிற்று. பிரித்துப் பார்த்தால் காளவாயின் கீழ்ப்பாதி முழுக்கச் சீனிபோன்ற மணல். பருத்த படிகங்கள் உள்ள சலவைக்கல் திடீர்ச் சூட்டில் பொரிந்து சிதறும். கால்சைட் படிகம் சூடாகும்போது ஒரு திசையில் விரியும், குறுக்குத் திசையில் சற்றுச் சுருங்கும். ஒட்டியிருக்கும் படிகங்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் பார்த்திருப்பதால், ஒன்றையொன்று பிய்த்துக்கொள்கின்றன. சுக்கான்கல்லில் இப்படி நேர்ந்ததே இல்லை. இரண்டும் ஒரே கால்சியம் கார்பனேட். ஒன்று உருமாற்றத்தைப் பார்க்காதது, மற்றது அதில் வளர்ந்தது.

நான்காம் வேக்காட்டில் மாற்றங்கள் செய்யப்பட்டன. ஏற்றம் 700 கிலோவாகக் குறைந்தது. கல் கைமுட்டி அளவில் ஒரே சீராக உடைக்கப்பட்டு, பொடி முழுதும் சலித்து நீக்கப்பட்டது. முதல் மூன்று மணி நேரம் ஊதுகாற்று இல்லாமல், அடியில் போட்ட கரியின் இயல்பான இழுவையில் மட்டும் சூடு ஏறவிட்டார்கள். அதன் பிறகே காற்று. வெளியே வந்தது 410 கிலோ. தாளித்தபோது தொட்டி சீறியது. கசடு 45 கிலோ. அதில் பாதிக்கு மேல் வேகாத கால்சைட், மிச்சம் பச்சைக் கனிமமும் காக்காப்பொன்னும்.

விளைவு

21 நாள் ஊறிய கூழில் சுவர் மறுபடி பூசப்பட்டது. கொத்தனாரின் விருப்பப்படி, கிடைத்த கொஞ்சம் சுக்கான்கல் சுண்ணாம்பும் அதில் சேர்ந்தது. சுக்கான்கல்லில் இயல்பாகக் கலந்துள்ள களிமண் வேகும்போது சாந்துக்கு ஈரத்திலும் இறுகும் தன்மையைத் தருகிறது, சலவைக்கல் சுண்ணாம்புக்கு அது கிடையாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழை கடந்த பிறகும் பூச்சில் குழி விழவில்லை. வடக்குச் சுவரில் மட்டும் மயிரிழை வெடிப்புகள் இரண்டு தெரிந்தன. அவை பூச்சு சீக்கிரம் உலர்ந்ததால் வந்தவை, கல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மறுமுறை மாற்ற வேண்டியவை

கல் வாங்கும் முன் 100 கிராம் சுட்டு நிறுத்துப் பார்ப்பது முதல் வேலை. இழப்பு 40 கிராமுக்குக் கீழே போனால் ஓரக்கல்லோ காக்காப்பொன்னோ கலந்திருக்கிறது, 44ஐத் தாண்டினால் டாலமைட் உண்டு. சூளை வசதி இல்லாத இடத்தில் 10 கிராம் ஆசிட் சோதனை போதும்.

வேகாத கல் வந்தால், மறுபடி ஏற்றும் முன் ஒரு கட்டியை உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். உள்மையம் மட்டும் பழைய கல்லாக இருந்து, ஆசிடில் நன்றாக நுரைத்தால் வேக்காடு பற்றவில்லை, மறுபடி போடலாம். உள்ளும் புறமும் ஒரே மாதிரி இருந்து, நுரையும் இல்லையென்றால் அந்தக் கல்லுக்கு இனிமேல் எந்த நெருப்பும் உதவாது. இந்த ஒரு பார்வையை இரண்டாம் வேக்காட்டுக்கு முன் செய்திருந்தால் 200 கிலோ கரியும் ஒரு சுவரும் மிஞ்சியிருக்கும்.

இன்னும் தீராத ஒன்று இருக்கிறது. நடுப்பட்டைக்கும் ஓரத்துக்கும் இடையே, பச்சை விளிம்புகள் அரிதாக ஓடும் ஒரு கல் உண்டு. அது ஒரு வண்டியில் நன்றாகவும் மறு வண்டியில் மோசமாகவும் வருகிறது. மணல் அடுக்குகள் அன்று எங்கே படிந்தன என்பதைப் பொறுத்தது அது. அதை இப்போதைக்கு வண்டிக்கு ஒரு சோதனை என்று வைத்தே வாங்குகிறார்கள்.